சொல்லிக்கொண்டு போவது

எங்குரி ஆற்றின் மேல்வளைவில், லாத்தாலிக்கு அப்பால்,
ஒரு தகரப்பெட்டி நீர்மட்டம் அளக்கிறது.
உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி,
லாரியிலிருந்து கழற்றிய இரண்டு பேட்டரிகள்,
சம்பளமில்லாத ஒரு சிலந்தி.

சாவி பிமுர்ஸாவிடம்.
பனி விழுந்து சூரியப் பலகை மூடிக்கொண்டால்
அந்தியில் ஏறிப்போய்ப் பொத்தானை அழுத்துவார்.
பிறகு மலைக்குக் கீழே, சுக்திதியில்,
இரண்டாம் காப்பியோடு இருக்கும் எனக்குப் போன்:
"எத்தெரி, அணைத்துவிட்டேன். சொன்னதா?"

சொல்லவில்லை.

அணையும்போது ஓடவென்று
நான்கே வரியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன்.
கடைசி அளவைக் குறி.
கோப்பை மூடு.
போய்வருகிறேன் என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பு.
பிறகு போ.

கையால் ஓட்டினால் ஓடியது.
என் மேஜைமேல் நூறு தடவை ஓடியது.
மலையில் மட்டும் ஊமை.

மூன்று வாரம்
பேட்டரியைத் திட்டினேன், சிம் கார்டைத் திட்டினேன்,
மனசுக்குள் பிமுர்ஸாவையும்:
மனிதர் பொத்தானை அழுத்துகிறாரா,
வயரைப் பிடுங்குகிறாரா?

பிறகுதான் பதிவேட்டை விநாடி விநாடியாகப் படித்தேன்.

18:41:07 வலைத்தொடர்பு நின்றது.
18:41:08 என் நிரல் தொடங்கியது.

ஒரு விநாடி.
அந்த ஒரு விநாடி பிந்தி, பாவம்,
இறங்கிப்போன கம்பியிடம் அது விடைசொல்லிக்கொண்டிருந்தது.
தட்டியது, காத்திருந்தது, மறுபடி தட்டியது.
இயந்திரம் தரும் கெடு தொண்ணூறு விநாடி.
கெடு தீர்ந்ததும்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.
இருபத்தொரு இரவும் அப்படித்தான்
வாயைத் திறந்தபடியே போயிருக்கிறது.

சேர்க்க வேண்டியிருந்தது ஒரே சொல்:
வலைக்குப் *பின்*.
எழும்போது வலைக்குப் பின் எழு.
விழும்போது என்ன செய்வதென்று
தனியாகச் சொல்லத் தேவையில்லை.
காலுறைக்குப் பின் பூட்ஸ் என்றால்
கழற்றுகையில் பூட்ஸ்தானே முதலில்.
கடைசியாக வந்தவன் முதலில் கிளம்புவான்,
வாசல் இன்னும் திறந்திருக்கும்போதே.

மறுநாள் அந்தி.
*போய்வருகிறேன். 1.38 மீட்டர்.*
திரையை நான் பார்த்து முடிக்கவில்லை, போன்.

"சொன்னதா?"
"சொன்னது."
"தண்ணீர் எவ்வளவு என்றுமா?"
"அதையும்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"பனி எவ்வளவு என்று சொன்னதா?"
"இல்லை."
"முழங்கால்வரை," என்றார்
பரம திருப்தியோடு, வைத்துவிட்டார்.

ஆனால் சரிவு பெயர்ந்து வந்து
பலகையைப் புதைத்து வயரை அறுக்கும் இரவில்
எந்த வரியும் ஓடாது.
தொண்ணூறு விநாடி வேண்டாம், அரை விநாடி இருக்காது.
அதற்காகத்தான் இன்னொன்று எழுதினேன்,
எழும்போது ஓடுவது.

எழுந்ததும் அதற்கு நேரம் தெரியாது.
1970, ஜனவரி ஒன்று என்று நம்பிக்கொண்டு கண் விழிக்கும்,
எங்கள் ஊரில் பாதிப்பேர் பிறப்பதற்கு முந்தைய காலை.
ஆகவே முதல் வரி: பொறு.
செயற்கைக்கோள் மணி சொல்லும்வரை
ஒரு எண்ணும் எழுதாதே.
அடுத்தது: நேற்றுப் போகும்போது
நீ விட்டுச்சென்ற சீட்டு இருக்கிறதா, தேடு.
இருந்தால் கிழித்துப் போட்டு வேலையைப் பார்.
இல்லையென்றால்
வேறெதற்கும் முன்னால் அதைச் சொல்லிவிடு.

மார்ச்சில் ஓர் இரவு செய்தி வரவில்லை.
அடுத்த இரவும்.
பிமுர்ஸாவின் எண் எல்லைக்கு வெளியே இருந்தது.
நான் எதையும் திட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொன்று இருபதுக்குத் திரை அசைந்தது:
*நேற்றுச் சொல்லாமல் போய்விட்டேன். 2.96 மீட்டர்.*

முந்தாநாள், என்று அதைத் திருத்தினேன்
வாய்விட்டே, யாருமில்லாத அறையில்.
அணைக்கட்டுக்கு எண்ணைச் சொல்ல ரிசீவரை எடுக்கப்போனேன்;
அதற்குள் அது அடித்தது.
மூச்சிரைப்பு. மண்வெட்டி எதன்மேலோ சாயும் ஓசை.

"இடுப்புவரை," என்றார்.